ஊர்க் கோழி வேறு, சந்துக் கோழி வேறு

வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டை பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு கோழிக் கூண்டு கண்ணில் படும். பழைய ஃப்ரிட்ஜ் தட்டு, மீன் கூடை, கட்சி ஃப்ளெக்ஸ் என்று கிடைத்ததை வைத்துக் கட்டியது. வளர்ப்பவர்களில் பாதிப் பேருக்கு ஊரில் இருக்கும் ஆயா சொன்னதுதான் பாடம். "எங்க ஊர்ல சும்மா தொறந்து விட்டுடுவோம், அது பாட்டுக்கு வளரும்." இந்த நினைப்புதான் இங்கே நிறையக் கோழிகளைக் கொல்கிறது. ஊரில் ஒதுங்க மரம் இருக்கிறது, குளிக்க மண் இருக்கிறது, பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இங்கே இருப்பது ஒட்டுச் சுவரும் சிமெண்ட் தரையும்தான். ஒரு வீட்டுக் கோழி தும்மினால் நாலு வீட்டுக் கோழிக்கும் கேட்கும்.

தவறு வாங்கும்போதே ஆரம்பிக்கிறது. தெருவில் வண்டியில் வரும் பச்சை, ரோஸ் கலர் குஞ்சுகளைப் பிள்ளை அழுகிறதே என்று வாங்கி, "வளந்தா முட்டை போடும்" என்று காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை சேவல் குஞ்சுகள். முட்டைக்காகவே உருவாக்கிய இனங்களில் சேவலால் பண்ணைக்குப் பயனில்லை. முட்டை போடாது, கறியும் சீக்கிரம் ஏறாது. அதனால் பொரித்த அன்றே கழித்துவிடுவார்கள். அதைத்தான் சாயத்தில் முக்கித் தெருவுக்கு அனுப்புகிறார்கள். வழியில் குளிரும் பட்டினியும் பட்டு வந்த குஞ்சு வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் சாவது உங்கள் கைராசியால் அல்ல.

நாட்டுக்கோழி என்று விற்பதெல்லாம் நாட்டுக்கோழியும் அல்ல. கலப்பினம் தாராளமாகப் புழங்குகிறது. கலப்பு கெட்டது என்று சொல்ல மாட்டேன். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும். அசல் நாட்டு இனமான சிறுவிடை பன்னிரண்டு, பதினைந்து முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் நூறைத் தொடுவது கடினம். முட்டைக்காகவே பண்ணையில் வளர்க்கும் வெள்ளை லெகார்ன் 300 வரை போகும். சிறுவிடையை வாங்கிவிட்டு லெகார்ன் கணக்குப் பார்த்து, "இது வேலைக்கு ஆவாது" என்று குழம்பில் போடுவது அநியாயம்.

புதுக் கோழி வந்த அன்றே

ஒரே ஒரு தவறைத்தான் நிறுத்த முடியும் என்றால் இதை நிறுத்தச் சொல்வேன்: சந்தையில் வாங்கி வந்த கோழியை அன்றைக்கே பழைய கோழிகளோடு விடுவது. பார்க்கத் தெம்பாக இருக்கும், தீனியும் தின்னும். உள்ளே வெள்ளைக்கழிச்சல் கிருமி இருக்கலாம். நாலைந்து நாள் கழித்து ஒன்று இறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நிற்கும். அப்புறம் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு. சிலது கழுத்தை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும். தடுப்பூசி போடாத கூண்டு என்றால் ஒரு வாரத்தில் காலியாகிவிடும். புதிதாக வந்ததைக் குறைந்தது மூன்று வாரமாவது தனிக் கூண்டில், தனித் தண்ணீர்க் கிண்ணத்தோடு, முடிந்தால் வீட்டின் இன்னொரு பக்கத்தில் வைக்க வேண்டும். தீனி போடும்போது பழைய கோழிகளைக் கவனித்த பிறகுதான் புதியதிடம் போக வேண்டும். உங்கள் செருப்பும் நோயைச் சுமக்கும்.

அதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. "அக்கா, ஒண்ணு தூங்கி வழிஞ்சினே கீது. போறதுக்குள்ள பாதி விலைக்கு எட்த்துக்கோயேன்." இந்தப் பேரம் நம் சந்துகளில் சர்வசாதாரணம். விற்றவருக்கு நூறு இருநூறு மிஞ்சும். நோய் மட்டும் அடுத்த தெருவுக்குப் போய், பத்து நாளில் சுற்றிக்கொண்டு விற்றவர் வீட்டுக்கே திரும்பி வரும். நோய்க் கோழியை விற்பது, அறுத்துக் கழிவைத் தெருவில் வீசுவது இரண்டையும் நான் ஒரே கணக்கில்தான் வைப்பேன்.

வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. மெடிக்கலில் டெட்ராசைக்ளின் கேப்சூல் வாங்கி உடைத்துத் தண்ணீரில் கலப்பது வீண். வைரஸை அது ஒன்றும் செய்யாது. கீழாநெல்லி, சீரகம், மஞ்சள், பூண்டு அரைத்து உருண்டை பிடித்துக் கொடுக்கும் கைமருத்துவத்தைக் கால்நடை மருத்துவர்களே சொல்வதுண்டு, கொடுங்கள். ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்றல்ல. குஞ்சுக்கு ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இதற்குக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் முகாம் நடத்தும். உங்கள் கோழிக்கு மட்டும் போட்டுவிட்டு வந்தால் போதாது, சந்தில் இருக்கும் எல்லாக் கூண்டையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

தடுப்பூசி போட்டும் கோழி செத்தது என்று புலம்புபவர்களிடம் கேட்டுப் பார்த்தால் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். மருந்தை ஐஸ் இல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். இல்லையென்றால், குடிதண்ணீரில் கலக்கும் மருந்தை மெட்ரோ வாட்டர் குடத்தில் கலந்திருப்பார்கள். அந்தத் தண்ணீரில் இருக்கும் குளோரின் உயிருள்ள தடுப்பு மருந்தைக் கொன்றுவிடும். குளோரின் இல்லாத தண்ணீரில் கொஞ்சம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் சேர்த்துக் கலக்கி, வெயில் ஏறுமுன் இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்க வைத்துவிட வேண்டும். உடம்பு சரியில்லாத கோழிக்குப் போடவே கூடாது.

கருவாட்டுத் தலை

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் வரும் தவறு இது. மீதமான கருவாடு, கருவாட்டுத் தலை, உப்புக் கழுவிய தண்ணீர் எல்லாம் கோழிக்குப் போகும். கோழிக்கு உப்பு அவ்வளவு தாங்காது. தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், எச்சம் நீராகப் போகும், நடை தள்ளாடும், குஞ்சாக இருந்தால் செத்தே போகும். ஊறவைத்துப் போட்டாலும் உப்பு முழுக்கப் போகாது. பச்சை மீன் தலையை உப்பில்லாமல் வேகவைத்துக் கொஞ்சமாகப் போடலாம். அதிகமானால் முட்டையே கவுச்சி அடிக்கும். அழுகிய மீனும் அதில் நெளியும் புழுவும் இன்னும் ஆபத்து. அந்த விஷம் ஏறினால் கழுத்து துவண்டு தரையில் படுத்துவிடும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கும் அப்படித்தான், அது ஈரலைக் கெடுக்கும். "கோழி எதையும் தின்னும்" என்பது உண்மைதான். தின்பதெல்லாம் அதற்கு ஒத்துக்கொள்ளும் என்று யார் சொன்னது?

மேய விடும் இடமும் தீனிதான். ஒயரை எரித்துச் செம்பு எடுக்கும் இடம், பேட்டரி பிரிக்கும் கடை வாசல், குப்பை எரித்த மேடு, இங்கெல்லாம் மண்ணில் ஈயம் இருக்கும். கோழி கொத்துவது உங்கள் பிள்ளை தின்னும் முட்டைக்குள் வந்து சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் கலந்து வந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி வெள்ளம் வடிந்த மண்ணில் உடனே கோழியை இறக்காதீர்கள்.

தகரமும் தார்பாயும்

கோழிக்கு வியர்க்காது. அதன் உடம்புச் சூடே ஏறத்தாழ 41 டிகிரி. கத்திரி வெயிலில் மொட்டை மாடித் தகரத்துக்கு அடியில் அடைத்து, நாய் வருமென்று நாலு பக்கமும் தார்பாய் சுற்றினால் மத்தியானத்துக்குள் வாயைப் பிளந்து இறகை விரித்துக்கொண்டு நிற்கும். கூரைமேல் தென்னை ஓலை, அதற்குமேல் நனைத்த சாக்கு, இரண்டு பக்கமாவது வெறும் கம்பி வலை இருக்கட்டும். தீனியைக் காலையிலும் சாயங்காலமும் போடுங்கள். உச்சி வெயிலில் தின்றால் செரிக்கிற சூடும் சேர்ந்துகொள்ளும். குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி வேண்டும் என்று படித்துவிட்டு மே மாதப் பகலிலும் பல்பு போடுபவர்கள் உண்டு. தெர்மாமீட்டரைவிடக் குஞ்சே நன்றாகச் சொல்லும். பல்புக்கு அடியில் மொய்த்தால் குளிர்கிறது, விலகி மூலையில் ஒதுங்கினால் சுடுகிறது.

மழைக்காலத்தில் பிரச்சினை தரையில். உமியோ மரத்தூளோ நனைந்து கட்டி தட்டினால் ரத்தக்கழிச்சல் வரும். எச்சம் ஊறிய தரையின் நெடி, நின்றுகொண்டு மோந்து பார்த்தால் தெரியாது. குனிந்து, கோழியின் தலை உயரத்துக்கு உங்கள் முகத்தைக் கொண்டுபோங்கள். கண் எரிந்தால் தரையை மாற்றும் நேரம் கடந்துவிட்டது.

சிமெண்ட் மாடியில் புரள மண் கிடையாது, அதனால் பேன் மண்டும். உடனே கரப்பான் ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள். உடைந்த பிளாஸ்டிக் டப்பில் காய்ந்த மணலும் விறகு அடுப்புச் சாம்பலும் போட்டு வைத்தால் அதுவே இறங்கிப் புரண்டு பேனை உதறிக்கொள்ளும். குப்பைச் சாம்பல் வேண்டாம்.

ராத்திரி எதிரி நாயைவிடப் பெருச்சாளி. அறுகோணக் கண் போட்ட மெல்லிய கோழி வலையை அது கடித்துவிடும், தரையைத் தோண்டியும் வரும். வலையை ஒட்டித் தூங்கும் கோழியின் காலை வெளியிலிருந்தே கடித்து இழுத்திருக்கும். காலையில் பார்த்தால் கோழி உயிரோடு, ஒரு விரல் இல்லாமல். கம்பிகளைப் பற்றவைத்த கெட்டியான வலை (வெல்டு மெஷ்) போட்டு, கூண்டை ஓரடி உயரத்தில் தூக்கி வையுங்கள்.

சேவல் விஷயத்தில் ஒன்று. முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும். லைன் வீட்டில் சேவல் வைத்துக்கொண்டு, இருட்டாக மூடினால் கூவாது என்று நம்பாதீர்கள். அதன் உடம்புக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது, விடியுமுன்னே ஆரம்பித்துவிடும். நைட் ஷிப்ட் முடித்து வந்து படுக்கும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் அப்புறம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடைக்கோழியின் அடையைத் தெளியவைக்க வாளித் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகு குத்துவது இரண்டும் சித்திரவதை. அடியில் காற்று போகும் கம்பித் தரைக் கூண்டில், வெளிச்சமான இடத்தில், தீனி தண்ணீரோடு சில நாள் வைத்தாலே தெளிந்துவிடும்.

செத்த கோழியைப் பக்கிங்காம் கால்வாயில் வீசுவதை விடுங்கள். சாகக் காரணம் தெரியாமல் இரண்டு மூன்று போனால், அடுத்ததை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போய் அறுத்துப் பார்க்கச் சொல்லலாம். ஃப்ரீசரில் வைத்து உறைய விடாமல், கவரில் கட்டி ஐஸுக்கு நடுவே வைத்து, செத்த அன்றே கொண்டுபோக வேண்டும். எப்போது எந்தத் தடுப்பூசி போட்டது, கடைசியாக என்ன தீனி போட்டது என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.