மேக்ஸ்வெல் ஃபைஃபைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடின்பரோவில் 1900-இல் பிறந்து, 1922-இல் பாரிஸ்டராகி, 1935-இல் கன்சர்வேடிவ் கட்சி எம்.பி. ஆனவர் டேவிட் மேக்ஸ்வெல் ஃபைஃப். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாஜித் தலைவர்கள் மீது நடந்த நூரம்பர்க் விசாரணையில் பிரிட்டன் தரப்பின் தலைமை வழக்கறிஞர் அவர்தான் என்று எழுதிவிடாதீர்கள். பதவிப்படி தலைமை ஹார்ட்லி ஷாக்ராஸ். 1945-இல் சர்ச்சிலின் இடைக்கால அரசில் ஃபைஃப் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலாக இருந்தார். தேர்தலில் லேபர் கட்சி ஜெயித்ததும் அந்தப் பதவி ஷாக்ராஸுக்குப் போனது. எதிர்க்கட்சிக்காரர் என்று ஒதுக்காமல் ஃபைஃபைத் துணைத் தலைவராக வைத்துக்கொண்டார்கள். அது பெரிய மனசு. அன்றாடம் நீதிமன்றத்தில் நின்றவர் ஃபைஃப்தான்.

1946 மார்ச்சில் ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங்கைக் குறுக்கு விசாரணை செய்த அமெரிக்கத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சன் தடுமாறினார். அடுத்து எழுந்த ஃபைஃப், ஜெர்மானியப் போர்க்கைதி முகாமிலிருந்து தப்பிப் பிடிபட்ட நேச நாடுகளின் 50 விமானப்படை அதிகாரிகள் கொல்லப்பட்டதைப் பிடித்துக்கொண்டார். அப்போது விடுப்பில் இருந்தேன் என்ற கோரிங்கைத் தேதி தேதியாகக் கேட்டு நெருக்கினார்.

ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை உருவாக்கியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் தனியாக எழுதியவர் இல்லை. பிரான்சின் பியர்-ஆன்ரி தைத்ஜானும் கூட உழைத்தார். 1950-இல் கையெழுத்திட்டது கன்சர்வேடிவ் அரசு அல்ல, பிரதமர் அட்லியின் லேபர் அரசு. அதை ஐரோப்பிய ஒன்றியத்தோடும் குழப்பக் கூடாது. அது ஒன்றியத்துக்கு வெளியே தனி அமைப்பாக இருக்கும் ஐரோப்பிய கவுன்சிலின் உடன்படிக்கை. ஒன்றியத்திலிருந்து விலகிய பிரெக்சிட்டுக்குப் பிறகும் பிரிட்டன் அதில் நீடிக்க முடிந்தது அதனால்தான்.

பெரிய தவறு, இத்தோடு கதையை முடித்து அவரை மனித உரிமைக் காவலராக நிறுத்துவது. 1951-இல் உள்துறை அமைச்சரானார். 1952 நவம்பரில் ஒரு போலீஸ்காரரை 16 வயது கிறிஸ்டஃபர் கிரெய்க் சுட்டுக் கொன்றான். வயது குறைவு என்பதால் அவனைத் தூக்கிலிட முடியாது. சுட்ட நேரத்தில் போலீஸ் பிடியில் இருந்த கூட்டாளி டெரெக் பென்ட்லிக்கு 19 வயது, அவனுக்குத் தூக்கு. கருணை காட்டும்படி ஜூரியே பரிந்துரைத்தது. ஃபைஃப் மறுத்தார். 1953 ஜனவரியில் பென்ட்லியைத் தூக்கிலிட்டார்கள். அவன் மீதான தீர்ப்பு 1998-இல்தான் ரத்தானது. ஓரினச் சேர்க்கைக்காக ஆண்கள் மீது வழக்குகள் கடுமையாகப் பாய்ந்ததும் ஃபைஃப் காலத்தில்தான். நூரம்பர்க்கில் அவர் செய்ததை மிகவும் மதிக்கிறேன். அதற்காக இதை மறைத்து எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம், 1962-இல் நீதித்துறைப் பொறுப்புள்ள மூத்த அமைச்சரான லார்ட் சான்சலர் பதவியிலிருந்து அவர் ஓய்வு பெற்றார் என்றும் எழுத வேண்டாம். பிரதமர் மேக்மில்லன் ஒரே அடியில் நீக்கிய 7 அமைச்சர்களில் அவரும் ஒருவர்.