உள்நாக்கு வீங்கினால் செய்யக்கூடாதவை

திருநெல்வேலிப் பக்கம் தொண்டையில் ஏதோ தொங்குவதுபோல் இருந்தால், “உள்நாக்கு விழுந்துட்டு” என்று சொல்லி, உப்பையும் மிளகுத்தூளையும் விரல்நுனியில் தொட்டு உள்ளே விட்டுத் தூக்கிவிடுவார்கள். முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான். உள்நாக்கு எங்கும் விழுவதில்லை. வீங்கி நீண்டு நாக்கின் பின்பகுதியைத் தொடுகிறது. எச்சில் விழுங்கும்போது உறுத்துவதும் குமட்டுவதும் அதனால்தான். அந்த மெல்லிய சதையை அழுத்தினால் புண்ணாகும், ரத்தம் கசியும், வீக்கம் கூடும்.

உப்பு உதவும், ஆனால் கொப்பளிக்க மட்டும். கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, தலையை அண்ணாந்து ஒரு நாளைக்கு நான்கு தடவை கொப்பளித்துத் துப்புங்கள். கொப்பளிக்கத் தெரியாத சிறுபிள்ளைகளுக்கு இது வேண்டாம். கருப்பட்டி போட்ட சுக்குக் காபியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் தவறு. சுட்ட இடத்தை மறுபடி சுடாமல், ஆறவைத்துக் குடியுங்கள்.

காரணம் தெரியாமல் மெடிக்கலில் ரெண்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது அடுத்த தவறு. தொண்டைத் தொற்று பெரும்பாலும் வைரஸால் வருவது; அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாக் கிருமிதான் என்று மருத்துவர் உறுதிசெய்து பென்சிலின் வகை மாத்திரை தந்தால், வழக்கமாக 10 நாள் சாப்பிட வேண்டும். வலி குறைந்ததும் நிறுத்தினால், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெடும் அபாயம் உண்டு.

தொற்றே இல்லாமலும் வீங்கும். குறட்டை விட்டு வாய்வழியே மூச்சுவிடுபவர்களுக்கும், இரவு மது குடித்தவர்களுக்கும் காலையில் வீங்கியிருந்து போகப்போக வடியலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிக்க வேண்டும். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுபவர்களுக்குப் புகையிலைத் தூளே தொண்டையை உறுத்தும். அவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது நல்லது.

மூச்சு இழுக்கும்போது சத்தம், எச்சில் வடிதல், உதடோ நாக்கோ தடித்தல், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. கடுங்காய்ச்சலோடு எச்சில் வடிய முன்சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வாயில் கரண்டி விட்டுப் பார்க்கவே கூடாது, படுக்கவும் வைக்காதீர்கள். மூச்சுக்குழாய் சட்டென்று அடைபடலாம். “ஐகிரவுண்டுக்கே (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே) போயிருவோம்” என்று அம்பாசமுத்திரத்திலிருந்து சொந்த வண்டியில் கிளம்பாதீர்கள். அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையிலேயே முதலில் காட்டுங்கள்.

பலரும் கவனிக்காத காரணம் பிரஷர் மாத்திரை. எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகளைப் பல வருடம் சாப்பிட்டவருக்கும் திடீரென உள்நாக்கும் உதடும் வீங்கலாம். ஊறல், தடிப்பு இருக்காது என்பதால் அலர்ஜி என்று தோன்றாது. அலர்ஜி மாத்திரையும் பெரும்பாலும் பலிக்காது. அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவில் காட்டுங்கள். வேறு வகை மாத்திரைக்கு மாற்றித் தருவார்கள். பழையதை மறுபடி தொடக்கூடாது.