1897 குளிர்காலம், டாசன்: உறைந்த மண்ணிலிருந்து தங்கம் எடுக்கும் முறை

கோடை வரட்டும், அப்புறம் தோண்டலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கனடாவின் யூகான் பகுதியில், டாசன் ஊரைச் சுற்றியுள்ள கிளாண்டைக் பக்கம் தங்கம் பெரும்பாலும் நிலத்துக்கடியில், அடிப்பாறையை ஒட்டிய சரளையில்தான் கிடக்கிறது. கோடையில் குழி வெட்டினால் தண்ணீர் ஊறி நிரம்பிவிடும். குளிர்காலத்தில் மண் இரும்பாக இறுகியிருக்கும், ஆனால் குழியின் சுவர் சரியாது, முட்டுக்கொடுக்கும் வேலை மிச்சம்.

உங்களுக்கென்று நிலம் இருக்கிறதா? 1896 ஆகஸ்டில் பொனான்சா ஓடையில் தங்கம் தெரிந்ததுமே, யூகானில் ஏற்கெனவே இருந்தவர்கள் நல்ல இடங்களுக்கெல்லாம் முளை அடித்துவிட்டார்கள். இல்லையென்றால் வாரத்துக்கு எடுங்கள்: உழைப்பு உங்களுடையது, எடுத்ததில் பங்கு உரிமையாளருக்கு.

முதல் வேலை விறகு. நினைத்ததைவிட அதிகமாக வெட்டி அடுக்குங்கள், ஏனென்றால் மண்ணை இளக்குவது நெருப்புதான். மாலையில் குழிக்குள் தீ மூட்டி இரவெல்லாம் எரியவிட்டால் காலையில் ஓர் அடி அளவுக்கு இளகியிருக்கும், அதை அள்ளிவிட்டு மறுபடி தீ, மறுபடி அள்ளல், பாறை தட்டும் வரை இதே பாடுதான். புகை அடங்காமல் உள்ளே இறங்காதீர்கள், கெட்ட காற்று ஆளைக் கொன்றுவிடும். கூட்டாளி ஒருவர் கட்டாயம் வேண்டும்; கீழே ஒருவர் வெட்ட, மேலே ஒருவர் உருளைக்கட்டையைச் சுற்றி வாளியை இழுக்க வேண்டும்.

பாறை வந்ததும் பக்கவாட்டில் குடையுங்கள். எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, கொஞ்சம் மண்ணைக் குடிசைக்குக் கொண்டுபோய், பனியை உருக்கிய நீரில் தட்டில் அரித்துப் பாருங்கள். அரிசி களையும்போது கல் அடியில் நிற்குமே, அதே கணக்கு.

வெளியே கொட்டிய குவியல் மீண்டும் உறைந்துபோகும், கவலை வேண்டாம். வசந்தத்தில் ஓடை உருகியதும் குறுக்குச் சட்டங்கள் வைத்த சரிவான மரப்பெட்டியில் தண்ணீரை விட்டு, குவியலை அள்ளிப் போடுங்கள். கனமான தங்கம் சட்டங்களில் தங்கும். குளிர்காலம் முழுக்கப் பட்ட பாட்டுக்குப் பலன் உண்டா என்பது அன்றைக்குத்தான் தெரியும். பெட்டிக்கான பலகையை ஜோசப் லடூவின் மர ஆலையில் வாங்கலாம். மனிதர் தங்கம் தோண்டாமல் பலகையும் ஊர் மனையும் விற்றுச் சம்பாதித்தவர், என்னைக் கேட்டால் அவர்தான் கெட்டிக்காரர்.

கடையில் தங்கப்பொடியையே கொடுக்கலாம், அவுன்ஸுக்குச் சுமார் 16 டாலர். எடை போடும்போது தராசிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.