களைத்தவரைக் கடைசியில் விடாதீர்கள்

கூட்டமாக நெடுந்தூரம் சைக்கிளில் போகும்போது யாராவது துவண்டுபோனால், அவரைக் கடைசியில் வரவிடாமல் முதல் ஆளுக்கு அடுத்த இடத்தில் வையுங்கள். ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி இருந்தால் போதும். எதிர்காற்றை முன்னவர் வாங்கிக்கொள்வதால் மிதிக்கும் பளு நன்றாகவே குறையும். வால்பக்கம் வருபவருக்கோ, முன்னே ஒருவர் லேசாக பிரேக் பிடித்தாலும் இடைவெளி விரிந்துவிடும். விரட்டிப் பிடிப்பதிலேயே இருக்கிற தெம்பும் போய்விடும். முன்னவர் அவ்வப்போது பேச்சுக் கொடுக்க வேண்டும், பதில் திணறி வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் திரும்பும் பிற்பகலில் கடற்காற்று பக்கவாட்டில் அடித்தால் இது அவ்வளவாக உதவாது. காற்றுக்கு ஒதுங்கிச் சாய்வாக அணிவகுத்தாலோ, பஸ்ஸுக்குக் குறுக்கேதான் நிற்போம். தலைசுற்றல் என்றால் எந்த இடமும் வேண்டாம், நிழலில் உட்காரவையுங்கள்.