போர் தண்ணி செவக்குதா? மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு குடம் பிடிச்சு வைங்க

எங்க வீடு ஆத்தங்கரை பக்கம், வைகை கடல்ல விழுற எடம். மோட்டார் போட்டா தண்ணி பளிங்கு மாதிரி வரும், ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா செவந்து போயி அடியில காவி படிஞ்சு கெடக்கும், வெள்ளை வேட்டியப் பத்தி கேக்கவே வேணாம். கடைக்காரர் சொன்னாருன்னு நேரா ஆர்ஓ மெஷின் மாட்டுனேன், ரெண்டே மாசத்துல அதுக்குள்ள வடிகட்டுற சவ்வு (மெம்பரேன்) அடைச்சுப் போச்சு.

விஷயம் இதுதான். ஆறு கொண்டாந்து போட்ட வண்டலும் மக்குன இலைதழையும் மூடிக் கெடக்குற ஆழத்துல காத்தே கெடையாது, அங்க இருக்குற பாக்டீரியா மண்ணோட ஒட்டுன துருவ தண்ணியில கரைச்சு விட்டுரும். கரைஞ்ச இரும்புக்கு கலர் கெடையாது, மேல வந்து காத்து பட்டாதான் திரும்ப துருவாகி செவக்கும். ஆத்துத்தண்ணி, ஊரணித்தண்ணி காத்தாடவே இருக்கறதால அதுல இரும்பு பெரும்பாலும் வண்டலோட ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், தெளிய வச்சாலே முக்காவாசி போயிரும்.

மொதல்ல இரும்புதானான்னு பாருங்க. புதுசா பிடிச்ச தண்ணியில கொஞ்சம் கடுக்காய்ப் பொடி போடுங்க, மை மாதிரி கறுத்தா இரும்பு இருக்கு (பால் ஊத்தாத டீயும் இப்படித்தான் கறுக்கும்). காலையில மொத தண்ணி மட்டும் செவப்பா வந்துட்டு அப்புறம் தெளிஞ்சா அது உங்க பழைய ஜிஐ (இரும்பு) பைப்போட துரு, போர் மேல பழி போடாதீங்க. மேல எண்ணெய் மாதிரி ஆடை கட்டுனா குச்சியால கீறிப் பாருங்க, சில்லு சில்லா ஒடஞ்சா இரும்பு, திரும்ப ஒண்ணாச் சேந்தா எண்ணெய். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டுனாலே துணியில கறை விழும். அளவு தெரியணும்னா குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுக்கலாம், பாட்டில கழுத்து வரைக்கும் ரொப்பி அன்னைக்கே கொண்டு போங்க.

இப்ப வேலைக்கு வருவோம். 200 லிட்டர் டிரம் ரெண்டு வேணும். மொத டிரம்முக்கு மேல ரெண்டு மூணு அடி ஒசரத்துல பிவிசி பைப்ப கட்டி, அடியில சின்னச் சின்ன ஓட்டையா போட்டு விடுங்க, தண்ணி மழை மாதிரி விழணும், எவ்வளவு செதறுதோ அவ்வளவு நல்லது, அப்புறம் ராத்திரி பூரா அப்படியே விட்டுருங்க. டேப்ப அடியிலேர்ந்து அரை அடி மேல வைங்க, இல்லாட்டி படிஞ்ச காவியும் சேந்து வரும். ரெண்டாவது டிரம்ல கீழ ஜல்லி, அதுக்கு மேல பெரு மணல், மேல பொடி மணல். கடல் மணல் போடவே போடாதீங்க, உப்பு இறங்கும். ஆத்து மணல நல்லா அலசிப் போடுங்க. மொத சில வாரம் சுமாராத்தான் வடிகட்டும், மணல் மேல காவி பூச ஆரம்பிச்சதும் அந்தப் பூச்சே இரும்ப இழுத்துப் பிடிக்கும், அதனால பளபளன்னு இருக்கணும்னு மொத்தத்தையும் கழுவிராதீங்க, ஒழுக்கு கொறஞ்சா மேல ஒரு இஞ்ச் மட்டும் சொரண்டி கழுவிப் போட்டா போதும்.

இதுல உப்பு போகாது. நம்ம கரையோரத் தண்ணி கரிச்சா குடிக்க ஆர்ஓதான், ஆனா இந்த டிரம்முக்கு அப்புறமா மாட்டுங்க.

ஏற்கனவே கறை பிடிச்ச துணிக்கு எலுமிச்சம்பழமும் உப்பும் தேச்சு வெயில்ல போடுங்க. பிளீச்சிங் பவுடர் மட்டும் வேணாம், எங்க அக்கா ஒரு தடவ போட்டாக, கறை இன்னும் நல்லா ஊறிப் போச்சு.