வினாத்தாள் போல்டர்களை மரமாக வெப் பக்கத்தில் போடுவது

ஹட்டனில் என் கொம்யூனிகேஷன் கடைக்கு வரும் டியூஷன் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பது: "கடந்தகால வினாத்தாள் எல்லாம் போல்டர் போல்டரா இருக்கு தம்பி, அப்படியே வெப்ல போட ஏலுமா?" ஏலும், மரமாக, அதாவது போல்டருக்குள் போல்டராக விரியும் பட்டியலாக. ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம் ஒரு வரிகூட வேண்டாம். பொகவந்தலாவையில் ரீலோட் போட்டு போனில் பார்க்கிற பிள்ளைக்குப் பக்கம் இலேசாக இருப்பதுதான் முக்கியம்.

போல்டரை முதலில் ஒழுங்காக்குங்கள்: தரம், பாடம், ஆண்டு. அதற்குமேல் ஆழமாகப் போனால் சின்னத் திரையில் பெயர்கள் வலப்பக்கம் ஒதுங்கிவிடும். பைல் பெயர்கள் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது. உங்கள் பக்கம் கிடக்கும் லினக்ஸ் சர்வர் பார்க்கும். வீட்டில் திறந்த லிங்க் சர்வரில் 404 (பைல் கிடைக்கவில்லை) காட்டினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தமிழ்ப் பெயரும் வேலை செய்யும். ஆனால் யுடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் 3 பைட். லிங்கை வட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக நீளக்கூடும். தமிழைக் கண்ணுக்குத் தெரிகிற பெயரில் வையுங்கள், அதுவும் யுனிகோடில். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

இனி மரம். (வெப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல் குறிகளை ஒலிப்படி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடியுங்கள்.) ஒரு போல்டருக்கு ஒரு 'டீடெய்ல்ஸ்' குறி. அதற்குள் முதலில் 'சமரி', அதில் போல்டரின் பெயர். அடுத்து 'யூஎல்' பட்டியல். ஒவ்வொரு பைலுக்கும் ஒரு 'எல்ஐ', அதனுள் லிங்குக்கான 'ஏ'. உள் போல்டர் வந்தால் 'எல்ஐ'க்குள் இன்னொரு 'டீடெய்ல்ஸ்'. அவ்வளவுதான், தட்டினால் விரியும், மறுபடி தட்டினால் மூடும். எல்லாம் மூடியே இருக்கும். பரீட்சைக் காலத்தில் தரம் 11ஐ மட்டும் திறந்து காட்ட அந்த 'டீடெய்ல்ஸ்' குறியில் 'ஓப்பன்' என்று சேர்த்தால் போதும்.

லிங்கின் பாதையை அந்தப் பக்கம் கிடக்கும் போல்டரிலிருந்து எழுதுங்கள். சி டிரைவில் தொடங்கினால் உங்கள் கொம்பியூட்டரைத் தாண்டாது.

பைல்கள் நிறைய என்றால், லினக்ஸில் 'ட்ரீ' கட்டளைக்குப் பெரிய 'எச்'சும் அதன்பின் லிங்குகளின் தொடக்கப் பாதையும் கொடுத்தால் லிங்குகளோடு பக்கத்தையே அது எழுதித் தரும். ஆனால் அந்த மரம் விரிந்தபடியே நிற்கும், மூடாது. எனக்கு அது பிடிப்பதில்லை.

பெயருக்குப் பக்கத்தில் பைலின் அளவையும் எழுதிவிடுங்கள்: "2019 கணிதம், 2 எம்பி". ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப் சிலவேளை மிகப் பெரிதாக இருக்கும். டேட்டா எவ்வளவு போகும் என்று தட்டுவதற்கு முன்பே பிள்ளைக்குத் தெரியட்டும்.