யூனிவர்சல் ஸ்டூடியோஸில் களைத்துப் போகாமல் ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் சிங்கப்பூருக்கு வந்து இறங்கியதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "செந்தோசாவுக்கு எப்போது போகலாம்?" என்பதுதான். அத்தை, சித்தப்பா, அண்ணன் குடும்பம் என்று நான் அந்தத் தீவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு ஐந்தாறு முறை கூட்டிப் போயிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் வீடு திரும்பும்போது யாருக்கும் பேசக்கூடத் தெம்பில்லை. கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று இருக்கிற எல்லா ரைடுக்கும் ஓடியதுதான் காரணம். இப்போது குடும்பத்துக்கு நான்கு ரைடு, ஒரு காட்சி, நிதானமாக ஒரு சாப்பாடு என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்புகிறோம். அதற்கு மேல் கிடைத்தால் லாபம்.

தவறு நாள் குறிப்பதிலேயே தொடங்கிவிடுகிறது. ஜூன் மாதம் கிட்டத்தட்ட முழுக்க இங்கே பள்ளி விடுமுறை. நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடியவும் அப்படியே. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கோ மே மாதமே கோடை விடுமுறை. அப்போது நம் பிள்ளைகள் பள்ளியில்தான் இருப்பார்கள். ஆகவே ஊரிலிருந்து வருபவர்களை மே நடுவில், வார நாளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும்தான். வரிசையில் மிச்சமாகும் நேரத்துக்கு அது தகும்.

அடுத்தது பிள்ளைகளின் உயரம். இதை மட்டும் தயவுசெய்து வீட்டிலேயே அளந்துவிடுங்கள். மம்மி ரைடுக்குக் குறைந்தது 122 செ.மீ., பேட்டில்ஸ்டார் கேலக்டிகா ரோலர்கோஸ்டருக்கு 125, ஜுராசிக் பார்க் படகுக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102. என் அண்ணன் மகன் மம்மி வாசலில் அளவுகோலுக்குக் கீழே போய் நின்றான். தலைக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. குதிகாலை லேசாகத் தூக்கினான், முடியைக் கையால் நிமிர்த்திவிட்டான். பணியாளர் குனிந்து, "அடுத்த வருஷம் வா" என்று அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அவன் அழுகை நிற்க அரை மணி நேரம் ஆனது. அவனிடம் முன்கூட்டியே சொல்லாதது பெரியவர்களின் தவறு. "உனக்கு டிரான்ஸ்ஃபார்மர்ஸ், அப்புறம் மினியன் லேண்ட்" என்று வீட்டிலேயே ஆசை காட்டியிருந்தால் சிரித்துக்கொண்டே வந்திருப்பான்.

குட்டிப் பிள்ளை இருப்பதால் அப்பாவும் அம்மாவும் பெரிய ரைடைத் தியாகம் செய்ய வேண்டும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். தேவையே இல்லை. ஒருவர் ஏறி இறங்கும்வரை மற்றவர் பிள்ளையோடு காத்திருந்து, மறுபடி வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ள வழி உண்டு. நுழைவிடத்தில் நிற்பவரிடம் கேளுங்கள்.

மழையை மறந்து திட்டம் போடுவதுதான் பெரிய தவறு என்பேன். இங்கே பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவது சர்வ சாதாரணம். மின்னல் அபாயம் வந்ததும் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அந்த நிமிடமே எல்லாரும் கூரைக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி வரிசைகளுக்குப் பாய்வார்கள். அதனால் பேட்டில்ஸ்டார், கேனபி ஃபிளையர் போன்ற திறந்தவெளி ரைடுகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கைப்பேசியில் 'மைஇஎன்வி' என்ற வானிலைச் செயலி இருந்தால் மழை மேகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

ஜுராசிக் பார்க் படகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வட்டமான படகு சுற்றிக்கொண்டே போகும். கடைசியில் இருட்டுக்குள் மேலே தூக்கி, சட்டென்று கீழே விடும். யார் முழுக்க நனைவார்கள் என்று சொல்லவே முடியாது. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஏறினால் மாலைவரை ஈரம் காயாது. நனைந்தவுடனே குளிரூட்டிய இடத்தில் போய் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குப் பல் தந்தியடிக்கும். மாற்று உடை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்; இறங்கியதும் கொஞ்ச நேரம் வெயிலில் நடங்கள். அத்தை சேலையில்தான் வருவார் என்றால் படகை விட்டுவிட்டு, வாட்டர்வேர்ல்ட் சாகசக் காட்சிக்குப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் மேல் தண்ணீர் அடிப்பார்கள்.

இனி வயிற்றுக்கு வருவோம். சிலர் காலை உணவைத் தவிர்த்துவிட்டு, உள்ளே போனதும் பாப்கார்ன், ஐஸ்கிரீம், பீட்சா என்று அடுத்தடுத்துச் சாப்பிட்டு, நேரே பேட்டில்ஸ்டாரில் ஏறுகிறார்கள். அதன் நீல நிறத் தடத்தில் காலைத் தொங்கவிட்டபடி ஐந்து முறை தலைகீழாகப் போக வேண்டும். தேக்காவிலோ (லிட்டில் இந்தியா) வீட்டுக்குக் கீழே உள்ள உணவங்காடியிலோ இரண்டு இட்லி, ஒரு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பெரிய ரைடுகளை முடித்த பிறகு மதியச் சாப்பாடு. சரியாகப் பன்னிரண்டரைக்கு எல்லா மேசையும் நிறைந்துவிடும். பதினொன்றரைக்கே உட்கார்ந்துவிடுவது நல்லது. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள், எனவே புளியோதரை டப்பா வேண்டாம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் கூட வந்தால், எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்று முதல் நாளே பார்த்து வைத்துவிடுங்கள். பசியோடு பெரியவர்களைக் கடை கடையாக அலைய விடக் கூடாது. சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் காட்சி, கடை, படம் எடுப்பது என்று மெதுவாகப் போகட்டும்.

வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை எல்லாருக்கும் சேர்த்து வாங்குவதும் வீண்செலவு. கூட்டம் குறைந்த வார நாளில் அது தேவைப்படாது. விடுமுறை நாளில்கூட, ரைடில் ஏறப்போகிறவர்களுக்கு மட்டும் வாங்கினால் போதும்.

வீடு திரும்பும் நேரத்தில், மூடும்வரை இருந்துவிட்டு எல்லாரோடும் சேர்ந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு முண்டியடிக்க வேண்டாம். அரை மணி நேரம் முன்னதாகவே வெளியே வந்து, கடல்மேல் போட்ட நடைபாதையில் விவோசிட்டி கடைத்தொகுதிக்கு நடந்துவிடலாம். கூரை உண்டு, நகரும் நடைமேடையும் உண்டு. போன முறை அத்தை அதில் நின்றபடியே கப்பல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது, "நாளைக்கு எங்கே?" என்று கேட்டார்.